கொடியில் உட்கார்ந்த பழுப்புச் சிட்டு

அன்பு மகள் மரித்சாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை எட்வினும் என் பேரன் இக்கேரும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். அங்கே உங்கள் சரகோசாவில் இந்நேரம் அந்தப் பாழாய்ப்போன குளிர்காற்று தொடங்கியிருக்கும், பிள்ளையைக் காது மூடாமல் வெளியே விடாதே. இங்கே நான் சுகம், பசு சுகம், கோழிகளில் ஒன்றைத் தவிர எல்லாம் சுகம். உன் அப்பாவும் சுகம் என்று ஒரு வரி எழுதி முடித்துவிடலாம்தான், ஆனால் கை வரமாட்டேன் என்கிறது. பயந்துவிடாதே, படுக்கையில் எல்லாம் இல்லை. இதோ சமையலறை ஜன்னலுக்கு வெளியே, தோட்டத்தில், முக்காலி போட்டு உட்கார்ந்து நீ அனுப்பிய கேமராவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். தேன் குடிக்க வந்த ரீங்காரச்சிட்டு ஒன்று அவர் காதருகே விர்ரென்று போகிறது, இவர் எதிர்ப்பக்கம் திரும்பிப் படம் எடுக்கிறார். காலையிலிருந்து இதே கூத்து.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நம் வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அந்தக் கொய்யா மரத்தடி, அங்கேதான் அவருடைய முக்காலி. உன்னிடம் நான் ஒரு வார்த்தை பேசினால் அவருக்குத் தெரியாமல் பேச முடியாது. நீ அனுப்புகிற குரல் செய்தியையோ பக்கத்து மலைக்கே கேட்கிற மாதிரி வைக்கிறார். அதனால்தான் பேனாவைப் பிடித்தேன். சொய்லா அக்காவின் மருமகள் யோலாந்தாவை உனக்கு நினைவிருக்கும், அவளுக்கும் அங்கே வேலை கிடைத்துவிட்டது, உன்னை மாதிரியே வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. மகள் நாயெலியை மாமியாரிடம் விட்டுவிட்டு வியாழக்கிழமை விமானம் ஏறுகிறாள். அவள் கையில்தான் இந்தப் பொட்டலத்தைக் கொடுக்கிறேன். வறுத்த பார்லி மாவு இரண்டு பை, வெல்லம், இக்கேருக்குப் பின்னிய வெள்ளைக் கம்பளித் தொப்பி. பாலாடைக்கட்டி வைக்கவில்லை, போன தடவை விமான நிலையத்தில் பிடுங்கிக் குப்பையில் போட்டார்கள் என்று சொன்னாயே, அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. கடிதத்தை எழுதி முடித்ததும் மாவுப் பைக்குள் புதைத்துத் தைத்துவிடுவேன். யோலாந்தா பிரித்துப் படித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலில் கேமராவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், என் மனசு ஆறட்டும். நீ நல்லெண்ணத்தில்தான் அனுப்பினாய், பால் கறவையும் குறைந்துபோச்சு, மனிதர் சும்மா உட்கார்ந்து என்னை நச்சரிக்காமல் இருப்பார் என்று நானும் சந்தோஷப்பட்டேன். அது வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எனக்கு இடமில்லை. என் வெங்காயப் பாத்தி போச்சு, கொத்தமல்லி போச்சு, எங்கே பார்த்தாலும் சிட்டுகளுக்குப் பிடித்த ஊதாப்பூச் செடி. கிளைக்குக் கிளை சர்க்கரைத் தண்ணீர்க் குப்பி தொங்குகிறது. வாங்குகிற சர்க்கரையில் பாதி அவற்றுக்கு, மீதியில்தான் நமக்குக் காபி. துணி காயப்போடக்கூட அவரிடம் உத்தரவு வாங்க வேண்டும். சிவப்புத் துணி போட்டால் சிட்டு ஏமாந்து துணியிடம் போகிறதாம், வெள்ளைத் துணி போட்டால் வெளிச்சம் கெடுகிறதாம். 'பியெதாத், துணியை எடு, நீளவால் வந்திருக்கு' என்று அங்கிருந்து கத்துவார், நான் அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டு ஓடிப்போய் ஈரத்துணியை அள்ளிக்கொண்டு வர வேண்டும். சிட்டுகளுக்கு ஆள் பேர் மாதிரிப் பேர் வைத்திருக்கிறார் தெரியுமா. நீளவால், சண்டைக்காரன், அப்புறம் காலில் வெள்ளைப் பஞ்சு சுற்றினாற்போல் இருக்குமே, அது பஞ்சுக்கால். பஞ்சுக்கால்தான் அவருடைய செல்லம். சின்ன வயதில் உன்னைக்கூட அப்படிக் கொஞ்சியதில்லை.

எடுக்கிறதோடு விட்டால் பரவாயில்லை. எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கூர்மைப்படுத்துகிறேன் என்று உட்காருவார் பார், அதுதான் எனக்குத் தலைவலி. திரையில் ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு சின்ன உருண்டை. உருண்டையை வலப்பக்கம் இழுத்தால் படம் கூராகும். கொஞ்சமாக இழுத்தால் மங்கலாக இருந்த இறகெல்லாம் தனித்தனியாகத் தெரியும், நானே வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். உன் அப்பா கொஞ்சத்தோடு நிறுத்துகிற ஆளா. கோடு முடிகிற வரைக்கும் இழுப்பார். இழுத்ததைச் சேமித்துவிட்டு, மறுபடி திறந்து, மறுபடி முதலிலிருந்து இழுப்பார். 'இன்னும் மங்கலாத்தான் இருக்கு, இன்னும் மங்கலாத்தான் இருக்கு' என்று முணுமுணுத்துக்கொண்டே, மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்து இழுப்பார். கடைசியில் சிட்டைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு வந்துவிடும், கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டினாற்போல. பின்னால் இருக்கிற மூடுபனி ரவையைக் கொட்டினாற்போல் பொரிப்பொரியாக நிற்கும். அந்த அழகான பச்சைத் தொண்டை பாத்திரம் தேய்க்கிற கம்பிநார் மாதிரி ஆகிவிடும். அப்போதுதான் இவர் நாற்காலியில் சாய்ந்து, 'இப்பத்தான் படம்' என்பார். நான் என்ன சொல்வேன், 'அழகா இருக்குங்க' என்பேன். நம் பக்கத்து ஜனங்களை உனக்குத் தெரியாதா. விருந்தாளி வீட்டில் காபியில் ஈ கிடந்தால்கூட, ஈயை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, ருசியான காபி, கடவுள் உங்களுக்குக் கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் நாம்.

போன வருஷம் தண்ணீர்க் கமிட்டி போட்ட காலண்டரை உனக்கும் அனுப்பினோமே, அதிலிருந்த படமெல்லாம் அப்படிக் கம்பிநாராக்கியவைதான். அச்சடிப்பதற்கு முன்னால் கீட்டோ பட்டணத்தில் இருக்கிற அச்சகத்துப் பெண் போன் போட்டு, ஐயா, கூர்மைப்படுத்தாத மூலப்படம் இருந்தால் அனுப்புங்கள், அதுவே நன்றாக இருக்கும் என்று பணிவாகத்தான் சொன்னாள். இவருக்கு வந்ததே கோபம். மங்கலான படத்தைக் காலண்டரில் போட்டு என்னைச் சந்தி சிரிக்க வைக்கப் பார்க்கிறாளா என்று போனை வைத்துவிட்டார். அவர் வெளியே போனதும் நான் அந்த மூலப்படங்களைத் திறந்து பார்த்தேன் மரித்சா. நீளவால் ஒன்று பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நிற்கிறது, வால் நுனி வரைக்கும் ஊதா மின்னுகிறது, கண்ணுக்குள் நம் கொய்யா மரம் குட்டியாகத் தெரிகிறது. அதைத்தான் மங்கல் என்று சொல்கிறார். அன்றைக்கே எனக்கு மண்டையில் உறைத்திருக்க வேண்டும். நான் பாட்டுக்கு, பிடிவாதக்கார மனுஷன் என்று நினைத்துக்கொண்டு சோளம் உரிக்கப் போய்விட்டேன். காலண்டர் வந்தது, வீட்டுக்கு வீடு மாட்டினார்கள், பார்க்கிறவர்கள் எல்லாம் டான் லிசார்தோவின் கைவண்ணம் என்று, ஐயா போடுகிற மாதிரி மரியாதையாக, உன் அப்பாவைக் கும்பிடாத குறை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மட்டும் கள்ளிச்செடிச் சிட்டு என்று தங்களுக்குள் சிரித்ததாகக் கேள்வி. சர்க்கரைத் தண்ணீர்க் குப்பிகளில் கரும்பாசி வட்டமாகப் பிடித்திருப்பதை அவரிடம் காட்டினால், பளிச்சென்று இருக்கிறதே என்கிறார். இதையெல்லாம் வயசான சோம்பேறித்தனம் என்றே எடுத்துக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் அப்பா உனக்கு ஒரு படம் அனுப்பினாரே, கொடியில் உட்கார்ந்த பழுப்புச் சிட்டு, காலில் வெள்ளைப் பஞ்சு, இதுவரைக்கும் நம் சரிவில் யாரும் பார்க்காத இனம் என்று எழுதி. நீ உடனே மூன்று இதயம் போட்டு, எவ்வளவு அழகு அப்பா, எப்படி இவ்வளவு தெளிவாகப் பிடித்தீர்கள் என்று பதில் போட்டாய். அந்தச் சிட்டு எப்படி வந்தது என்று சொல்கிறேன் கேள். இக்கேரின் தொப்பிக்காகக் கம்பளியை அலசிக் கொடியில் போட்டிருந்தேன். மதியம் மூடுபனி ஏறி வந்தது. வழக்கம்போல, துணியை எடு, வெளிச்சத்தை மறைக்காதே என்று கத்தல். நான் அவசரத்தில் கம்பளியை உருவிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையால் எனக்குச் சும்மா இரு என்று ஜாடை காட்டிவிட்டு, சடசடவென்று படம் எடுக்கிறார். எதை எடுக்கிறார் என்று நானும் கொடியைப் பார்த்தேன். அங்கே சிட்டு ஒன்றும் இல்லை. நான் விட்டுவிட்டு வந்த மரக் கிளிப் ஒன்று கொடியில் நிற்கிறது, அதன் வாயில் கம்பளிப் பிசிறு கொஞ்சம் சிக்கிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் மரித்சா. துணிக்கு மாட்டுகிற கிளிப்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. விளையாடுகிறார் என்று நினைத்தேன். பனி கீழே இறங்கி நன்றாக வெளுக்கிற வரைக்கும் அவர் எடுத்துக்கொண்டே இருந்தார். உள்ளே வந்தபோது முகம் கல்யாணத்தன்று இருந்த மாதிரி இருந்தது. இவ்வளவு அசையாமல் ஒரு சிட்டு எனக்காக உட்கார்ந்ததே இல்லை என்றார். அன்று சாயந்திரம் முழுக்க அந்த உருண்டையை இழுத்தார். இழுக்க இழுக்க மரத்தின் ரேகையெல்லாம் இறகு மாதிரி எழுந்து வந்தது, கம்பிச் சுருள் கண் மாதிரி பளபளத்தது. 'இங்க வா பியெதாத், இறகைப் பாரு, ஒண்ணொண்ணா எண்ணலாம்' என்று என்னைத் தோளில் கைபோட்டு இழுத்துக் காட்டினார். சொல்வதற்கு வாய் வரைக்கும் வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா. 'அழகா இருக்குங்க' என்றேன். என் வாயில் அடுப்புச் சாம்பலைத்தான் போட வேண்டும்.

அதற்கப்புறம் அது என் கையை விட்டுப் போய்விட்டது. வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் காட்டினார். தண்ணீர்க் கமிட்டித் தலைவர் அபெலார்தோ வந்தார், இந்த வருஷக் காலண்டருக்கு இதுதான் அட்டைப்படம் என்று இவரே முடிவு பண்ணி அவரிடம் சொல்லிவிட்டார். அபெலார்தோ திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் அடுப்பைப் பார்த்தேன். அருமை டான் லிசார்தோ என்று கையைக் குலுக்கிவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்கு வந்தார். 'அம்மா, அது வந்து… கொடியில துணிக்கு மாட்டுற…' என்று இழுத்தார். 'ஆமாங்க' என்றேன். தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே, 'எதுவா இருந்தாலும் ரொம்பத் தெளிவா வந்திருக்கு' என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கே போன வருஷம் கண்புரை எடுத்தார்கள், இப்போது ஊசியில் நூல் கோக்கிறார். அந்த மனிதராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரை எப்படிக் குறை சொல்வேன், கட்டிக்கொண்ட நானே சொல்லவில்லை, பெற்ற மகள் நீயே இதயம் போட்டுவிட்டாய். நீ வேலைக்கு நடுவில், பஸ்ஸில் நின்றுகொண்டு, கட்டைவிரல் அளவில் பார்த்திருப்பாய், பெரிதாக்கிக்கூடப் பார்த்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கோபம் வருகிறது, எல்லார் மேலும் வருகிறது.

கிளிப்பைச் சிட்டு என்று சொல்வதால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது, ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். என் பயம் அதுவல்ல. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் உன் அப்பா தினமும் காலையில் பின்னால் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நம் வண்டியைக் கீழூர்ப் பள்ளிக்கூடத்துக்கு இறக்குகிறார். பாதை எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஒரு பக்கம் மண்சுவர், ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. கிளிப் நடந்த மறுநாளிலிருந்து நானும் கூடவே முன்னிருக்கையில் ஏறிக்கொள்கிறேன். கடையில் உப்பு வாங்கணும், பாதிரியாரைப் பார்க்கணும் என்று தினம் ஒரு பொய். அதோ பசு நிற்கிறது, அந்த வளைவில் கல் சரிந்திருக்கிறது, எதிரே பால் வண்டி வருகிறது என்று ஏதோ ஊர்க்கதை பேசுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டே போவேன். உன் அப்பா, கிழவிக்கு இத்தனை வருஷம் கழித்து என்மேல் ஆசை வந்துவிட்டது என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிக்கிறார். நான் சிரித்துக்கொண்டே கதவுப் பிடியை இறுகப் பிடித்துக்கொள்கிறேன். வீடு திரும்பினால் ஒரு வேலையும் ஓடுவதில்லை.

போன வாரம் செவ்வாய்க்கிழமை நல்ல பனி. சொய்லா அக்கா வீட்டுத் திருப்பத்தில் அவருடைய பேத்தி நாயெலி சாம்பல் நிறப் போர்வையைப் போர்த்திக்கொண்டு மண்சுவரை ஒட்டி நின்றாள். எனக்கே கடைசியில்தான் தெரிந்தது. உன் அப்பா வேகத்தைக் குறைக்கவே இல்லை, நேரே அவள் மேலேயே போகிறார். நான் கத்திக்கொண்டே கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்துவிட்டேன். வண்டி வழுக்கிக்கொண்டு போய் நின்றது, அவளுடைய புத்தகப்பை மண்சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் நசுங்கிவிட்டது. பிள்ளை மேல் ஒரு கீறல் இல்லை, கடவுளுக்கு ஆயிரம் நன்றி. அவள் சிரித்துக்கொண்டே பையை இழுத்தாள், வெள்ளந்திப் பிள்ளை, தாத்தா விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டது. உன் அப்பா என் மேல் பாய்ந்தார், ஓடுகிற வண்டியில் பிரேக்கைப் பிடித்து இழுக்கிறாயே, எல்லாரையும் பள்ளத்தில் தள்ளப் பார்த்தாயா என்று. அவள் அங்கே நின்றதே அவருக்குத் தெரியவில்லை மரித்சா. வண்டி நின்ற பிறகுகூட, 'யாரு அது, ஏறச் சொல்லு' என்றுதான் கேட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னேன், நயமாகச் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குக் கண் தெரியவில்லை, நீங்கள் எடுத்தது சிட்டு இல்லை, என் கிளிப் என்றேன். முதலில் சிரித்தார். அப்புறம், கண் நன்றாகத்தான் இருக்கிறது, லென்ஸ்தான் போய்விட்டது, மரித்சாவிடம் புது லென்ஸ் கேட்டிருக்கிறேன், வரட்டும் என்றார். நான் அந்தக் கிளிப்பை எடுத்து வைத்திருந்தேன், பிசிறோடு கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்தேன். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார், விரலால் தடவினார், அமுக்கினார், அது வாயைத் திறந்து மூடியது. இது கிளிப், நான் எடுத்தது சிட்டு என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். கம்ப்யூட்டரைத் திறந்தார், அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், உருண்டையை இழுக்கவில்லை. அப்புறம் என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

'கிளிப்புன்னா, என் பொண்ணு ஏன் அழகா இருக்குன்னு சொன்னா?'

'நீ சும்மா வாய்க்கு வந்தபடி அழகுன்னு சொல்லுவ, இந்த ஊரே சொல்லும். அவ சொல்லமாட்டா. அவ சொல்லட்டும், நான் சாவியை உன் கையில குடுத்துர்றேன்' என்றார். அவ்வளவுதான், எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அதிலிருந்து என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கண் டாக்டரிடம் போனால் லைசென்ஸைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம் உள்ளுக்குள் இருக்கிறது. வண்டி ஓட்டாத லிசார்தோ எதற்கு உதவுவான் என்று ஒரு நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை நான் கேட்டேன். அதனால் எனக்கு அவர் மேல் கோபமும் வருகிறது, கோபப்பட்டுவிட்டு அழுகையும் வருகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு மனுஷி எப்படிச் சமைப்பாள்.

இப்போதைக்கு வண்டியின் ஃபியூஸ் ஒன்றைப் பிடுங்கி முட்டைக் கூடைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். வண்டி கிளம்பவில்லை, பிள்ளைகள் பால் வண்டியில் போகிறார்கள். சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்கிற மனுஷன், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காலை முழுக்கப் பார்த்தார். ஃபியூஸ் இல்லாத ஓட்டை அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வெற்றி பெற்ற மாதிரி இருக்கும் என்று நினைத்தேன், பார்க்கச் சகிக்காமல் உள்ளே போய்விட்டேன். இறந்தோர் நாள் லீவு முடிந்ததும் மெக்கானிக் வருவார், வந்ததும் கண்டுபிடித்துவிடுவார், பள்ளிக்கூடமும் அன்றைக்கே திறக்கிறது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீ எப்படியும் போன் பண்ணுவாய். அந்த ஒரு போனைத்தான் நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் அம்மா சொல்கிறதைக் கேள். புது லென்ஸ் வாங்காதே, வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. அப்பா அனுப்பிய அந்தப் படத்தைப் பெரிய திரையில் போட்டுப் பார். அப்புறம் போன் பண்ணி, அழகு கிழகு என்று ஆரம்பிக்காமல், என்ன தெரிகிறதோ அதைச் சொல்லு. கேலி பண்ணாதே, அம்மா சொல்லித்தான் பேசுகிறேன் என்றும் சொல்லாதே. மூலப்படங்களையும் அபெலார்தோவின் மகளிடம் கொடுத்து இன்றே உனக்குத் தனியாக அனுப்பிவிடுகிறேன். அவை உண்மையிலேயே அழகு மரித்சா. அதையும் அவரிடம் சொல்லு, கண் சரியாகிவிட்டால் அவர் எடுத்தது என்னவென்று அவரே பார்க்கலாம் என்று சொல்லு. கீட்டோவில் அபெலார்தோ போன ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போகிறேன். நீ சொல்லாமல் விட்டால், லீவு முடிந்த காலையில் நானே ரோட்டில் நின்று வீட்டுக்கு வீடு எல்லாத் தாய்மார்களிடமும் சொல்லிவிடுவேன், அதில் மாற்றமில்லை. அப்புறம் இந்த ஊரில் உன் அப்பா தலை நிமிர்ந்து நடக்க மாட்டார். அதற்கு முன்னால் அவரே சாவியைக் கொடுத்தால், கொடுத்தவர் அவர் என்றாவது இருக்கும்.

லீவுக்குக் கருஞ்சோளக் கூழ் காய்ச்சுகிறேன், பொம்மை ரொட்டி சுடுகிறேன், நீ இல்லாமல் என்ன விசேஷம் என்று இருக்கிறது. நீ பார்த்துக்கொள்கிற அந்தப் பெரியம்மாவைத் தூக்கும்போது முதுகைப் பார்த்துக்கொள், எட்வினைச் சிகரெட்டைக் குறைக்கச் சொல்லு. தொப்பி சிறிதாக இருந்தால் ஓரத்துத் தையலைப் பிரித்தால் கொஞ்சம் இளகும். கன்னி மாதா உங்கள் மூவரையும் தன் போர்வைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். என் ஆசீர்வாதமும் உன் அப்பாவின் ஆசீர்வாதமும் எப்போதும் உன் தலைமேல் இருக்கும்.

ஒன்றை மறக்காதே. இரண்டாவது மாவுப் பைக்குள் கைவிட்டுத் துழாவிப் பார், அந்தக் கிளிப்பைப் பிசிறோடு வைத்திருக்கிறேன், தூக்கி எறிந்துவிடாதே, கையில் வைத்துக்கொண்டு படத்தைப் பார். அப்பாவும் உனக்குக் கொடுக்கச் சொல்லி அதே படத்தை அச்செடுத்துத் தொப்பிக்குள் வைக்கச் சொன்னார், பின்பக்கம் ஏதோ எழுதியிருக்கிறார், வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன, நான் படிக்கவில்லை. பொட்டலத்தை உன்னிடம் கொடுக்கிறவள் நாயெலியின் அம்மா. அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது அவளுக்குத் தெரியாது. நேற்று என்னிடம் விடைபெற வந்தவள், தினமும் டான் லிசார்தோதான் என் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறார், அதனால்தான் நிம்மதியாகக் கிளம்புகிறேன் என்று உன் அப்பாவின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். உன்னிடமும் அதையேதான் சொல்வாள். அவள் சொல்லும்போது அவள் முகத்தைப் பார், அப்புறம் அப்பாவுக்குப் போன் போடு.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா பியெதாத்